இரண்டு கைகளுக்கு ஒரு கத்தி

உச்சிப் பொழுது. புதுச்சத்திரத்துக்குக் கிழக்கே ஒரு மொட்டைக் கரட்டின் அடிவாரம். கிளுவை வேலிக்குள் புதைந்துபோன எல்லைக்கல் ஒன்றைத் தேடி முள்ளை வெட்டிக்கொண்டிருந்தேன். காற்று நின்றுபோயிருந்தது. கத்தி விழும் சத்தம் கரட்டில் பட்டு, கொஞ்சம் தாமதித்துத் திரும்பி வந்தது. மறுபக்கத்தில் இன்னொருவன் வெட்டுகிறான் என்றே தோன்றும். நான் நிறுத்தினால் அவன் ஒரு வெட்டு அதிகமாக வெட்டிவிட்டு நிறுத்துவான்.

மூச்சு வாங்க நிமிர்ந்தேன். முதுகுக்குப் பின்னால் ஒரு குரல் கேட்டது.

"எப்பச் சாமி வந்தே, நாச்சிமுத்து?"

திரும்பினேன். எங்கள் ஊர் ஆட்டுக்காரக் கிழவர் புருவத்துக்கு மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். அவருக்கு இரண்டு கண்ணிலும் பூ விழுந்திருந்தது. ஆளின் முகம் தெரியாது, அசைவு மட்டும்தான் தெரியும்.

"நான் ராசுங்க. சின்னவன்," என்றேன்.

"நீயா? நொட்டாங்கையில வெட்டறியே, பெரியவன்னு நெனச்சுட்டேன்." அவர் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

குனிந்து பார்த்தேன். கத்தி என் இடது கையில் இருந்தது. நான் பிறந்ததிலிருந்து வலக்கைக்காரன். எப்போது கை மாற்றினேன் என்று எனக்கே தெரியவில்லை.

நாச்சிமுத்து என் அண்ணன். அவர்தான் இடக்கைக்காரர். அவர் காணாமல் போய் அப்போது மூன்று வருஷம் ஆகப்போகிறது.

சர்வேக்காரனுக்குக் கத்தி எதற்கு?

போன வாரம் நான் செயின் இழுத்த கதையைப் படித்துவிட்டு ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: நிலம் அளக்கப் போனவர் இடுப்பில் கத்தி எதற்கு, யாரைக் குத்த என்று. அந்த மகானுபாவரை ஒரே ஒரு நாள் எங்கள் பக்கத்து வேலிக்குள் இறக்கிவிட எனக்கு ஆசை. சட்டையோடு வெளியே வந்தால் நான் அவருக்கு மாலை போடுகிறேன்.

சர்வே இலாகாவில் நான் செயின்மேன். சர்வேயர் குடை பிடித்துக்கொண்டு நிற்பார். அவர் பார்வைக்குக் குறுக்கே நிற்கிற முள்ளையெல்லாம் வெட்டித் தள்ளுவது நான். கல்லைச் சுற்றி மண் பறிக்க வேண்டும், கல்லில் வெட்டிய குறியைச் சுரண்டிப் பார்க்க வேண்டும், முளைக்குச்சி சீவ வேண்டும், அதை அடித்து இறக்க வேண்டும். நடுவில் பாம்பு வந்தால் அதையும் விசாரிக்க வேண்டும். மத்தியானம் கம்மஞ்சோற்றுக்கு வெங்காயம் நறுக்கவும் ஒன்று வேண்டும். கொடுவாள், களைக்கொத்து, சுத்தியல், சின்னக் கத்தி என்று நான்கையும் சுமந்துகொண்டு நான் நடந்தால் கோவில் திருவிழாவுக்குப் போகிற மாதிரி சத்தம் வரும்.

ஒரு நாள் கொடுவாளை மரத்தடியிலேயே மறந்துவிட்டு வந்தேன். திரும்பிப் போக சோம்பல். கையாலேயே சூரைமுள்ளை ஒதுக்கினேன். முள் வலது உள்ளங்கையில் ஏறி முறிந்துகொண்டது. மூன்றாம் நாள் சோறு பிசைய முடியாத அளவுக்குக் கை வீங்கிவிட்டது. ஒரு வாரம் வேலைக்குப் போகாமல் வீட்டில் கிடந்தேன்.

அந்த ஒரு வாரத்தில்தான் அந்தக் கத்தி என் தலைக்குள் உருவானது. இலாகா கழித்துப்போட்ட படத்தாளின் பின்பக்கத்தில் இடது கையால் கோணல்மாணலாக வரைந்தேன். நீளம் ஒரு சாணும் நாலு விரலும். நுனியில் முள்ளைக் கொக்கிபோட்டு இழுக்கிற மாதிரி சின்ன வளைவு. நடுவில் வயிறு தள்ளி, கிளை வெட்டுகிற கனம். பிடிக்குப் பக்கத்தில் நேரான வாய், வெங்காயத்துக்கும் கயிற்றுக்கும். முதுகு தடிமனாக, முளை அடிக்க. பிடியின் கடைசியில் துளை, மணிக்கட்டில் கயிறு மாட்டிக்கொள்ள. நாலு சாமானும் ஒரே இரும்பில். இப்போது நினைத்தாலும் எனக்குக் கொஞ்சம் கர்வமாகத்தான் இருக்கிறது.

கத்தியா, பஞ்சாயத்தா?

அயோத்தியாப்பட்டணத்தில் ஆத்தூர் சாலை ஓரமாக ஒரு ஆசாரியின் பட்டறை இருந்தது. முறிந்துபோன பஸ்ஸின் வில்பட்டைகளை வாங்கிக் கத்தி அடிப்பதில் அவர் பேர் போனவர். வீங்கிய கையோடு போய்ப் படத்தைக் காட்டினேன். அவர் தாளைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார்.

"ஏனுங்க, இது கத்திங்களா, பஞ்சாயத்துங்களா? ஆளாளுக்கு ஒரு மூலையில உக்காந்திருக்காங்க."

ஆனால் அவருக்குப் பிடித்துவிட்டது. கரித்துண்டை எடுத்து வளைவைக் கொஞ்சம் குறைத்தார், வயிற்றைக் கொஞ்சம் முன்னால் தள்ளினார். "இப்ப கை அசந்தாலும் வெட்டு அதுவா உழும்," என்றார். பிறகு என் கையைப் பிடித்துப் பார்த்து முகம் சுளித்தார்.

"இந்த வீங்குன கையை அளந்து அடிச்சா, வீக்கம் வடிஞ்சதும் கத்தி உங்க கையில நிக்காது. அலகு நீளம், கனம், காம்பு எல்லாமே கையை வெச்சுத்தான். வடிஞ்ச பொறவு காயிதத்துல கையை வெச்சுக் கரியில சுத்தி வரைஞ்சு அனுப்புங்க. வலதா இடதான்னு அதுலயே தெரிஞ்சுரும். அதுக்குத் தக்கன வாய் சீவோணும்."

எங்கள் பக்கத்துக் கொடுவாளுக்கு ஒரு பக்கம்தான் சரிவாகச் சீவுவார்கள். வலக்கைக்காரனுக்கு ஒரு பக்கம், இடக்கைக்காரனுக்கு மறுபக்கம். மாறிப்போனால் வெட்டு வழுக்கும்.

கிளம்பும்போது அவர் இன்னொன்றும் சொன்னார். "உங்க கையைத்தான் அனுப்போணும். ஆள் மாத்தி அனுப்பிராதீங்க. ஒருத்தரு செத்துப்போன தகப்பன் கை அளவைக் குடுத்து எங்கப்பன்கிட்ட அரிவாள் கேட்டாருங்க. மூணு தடவை அடிச்சாரு. மூணும் துவைச்சல்ல வெடிச்சுது. செத்தவங்க கைக்கு அடிச்ச இரும்பு தண்ணியில நிக்காதுங்க."

துவைச்சல் என்பது, பழுக்கக் காய்ச்சிய இரும்பைத் தண்ணீரில் முக்கி உறுதி ஏற்றுவது. அந்த நேரத்தில் இரும்பு வெடிப்பது சகஜம். காய்ச்சல் கூடினாலும் வெடிக்கும், தண்ணீர் அதிகக் குளிர்ச்சியாக இருந்தாலும் வெடிக்கும். எனக்கு அது தெரியும். அதனால் சிரித்துக்கொண்டேன்.

சிரித்ததோடு விட்டிருக்கலாம். என் வாய் சும்மா இருக்காதே.

வைக்கோல் பொம்மை

வீட்டுக்கு வந்து, சாப்பிடும்போது பெரியப்பாவிடம் அதை வேடிக்கையாகச் சொன்னேன். தாய் தகப்பன் இல்லாத எங்களுக்கு அவர்தான் குடும்பத்துக்குப் பெரியவர். அவர் சிரிக்கவில்லை. பரிமாறிக்கொண்டிருந்த நங்கையா அகப்பையோடு அப்படியே நின்றுவிட்டார். நங்கையா என்றால் எங்கள் பக்கம் அண்ணி. பெயர் பாவாயி.

அண்ணன் போனது ஓர் ஐப்பசி மழையில். ஆத்தூர்ப் பக்கம் எருது பிடித்து வருகிறேன் என்று கிளம்பினார். பத்து நாள் கழித்து ஆற்றோரத்தில் அவர் செருப்பும் துண்டும் கிடைத்தன. ஆள் கிடைக்கவில்லை. ஆறு அந்த வருஷம் இரண்டு கரையும் புரண்டு போயிருந்தது.

உடல் கிடைக்காதவர்களுக்கு மூன்று வருஷம் பார்ப்பது எங்கள் குடும்ப வழக்கம். அதற்கு மேல் வைக்கோலில் உருவம் செய்து, அதை எரித்துக் காரியத்தை முடித்துவிடுவார்கள். வருகிற ஐப்பசி கழிந்ததும் வைத்துக்கொள்ளலாம் என்று பெரியப்பா சொல்லிவிட்டார். அன்று நங்கையாவின் வளையலை உடைத்து, தாலியைக் கழற்றி, வெள்ளைச் சேலை கொடுப்பார்கள். அவருக்கு அப்போது இருபத்தைந்து வயதுகூட இருக்காது.

"வைக்கலைக் கொளுத்தி அவரைக் கொல்றதுக்கு நான் சம்மதிக்க மாட்டனுங்க," என்று ஒரே ஒரு தடவை சொன்னார். அதற்கு மேல் அவர் பேச்சை யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அதைச் சொல்ல எனக்கு இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

வீக்கம் வடிந்ததும் கையைத் தாளில் வரைந்து மடித்து நங்கையாவிடம் கொடுத்தேன். அவர் செவ்வாய்க்கிழமை சேலம் சந்தைக்குப் போகிறவர்களிடம் கொடுத்து அனுப்புவதாகச் சொன்னார்.

ஆடி பிறந்து சில நாளில் கத்தி வந்தது. பஸ் கண்டக்டர் புதுச்சத்திரத்தில் இறக்கிக் கொடுத்தார். அன்றே வேலைக்கு எடுத்துக்கொண்டு போனேன்.

பள்ளம்

இனி அந்தக் கரட்டடிக்கு வருவோம்.

காலையில் முதல் வெட்டே வழுக்கி என் முழங்காலைக் கீறியது. பிடி வலது கையில் முரண்டு பிடித்தது. ஊஞ்ச மரத்தில் விரல் விரலாகச் செதுக்கிய பிடி, ஆனால் ஒரு விரலும் அதனதன் இடத்தில் உட்காரவில்லை. ஆசாரியைத் திட்டிக்கொண்டே வெட்டினேன். எப்போதோ கை மாறியிருக்கிறது. மாறிய பிறகு வெட்டு சுத்தமாக விழுந்திருக்கிறது. வேலியில் நான் வெட்டிய கிளைகளைப் பார்த்தேன். காலையில் வெட்டியவை பிய்ந்து தொங்கின. பிறகு வெட்டியவை எல்லாம் எதிர்ப்பக்கம் சாய்ந்து, வழவழவென்று இருந்தன. அவற்றை வெட்டிய நினைவு எனக்கு இல்லை.

கத்தியை இடது கையில் மறுபடி அழுத்திப் பிடித்தேன். கட்டைவிரலிலிருந்து மோதிரவிரல் வரை அப்படியே உட்கார்ந்தது. சுண்டுவிரல் மட்டும் உட்காரவில்லை. அந்தப் பள்ளம் உள்ளே மடங்கியிருந்தது. அண்ணனுக்குச் சின்ன வயதில் கிணற்றில் தண்ணீர் இறைக்கிற கவலைக் கயிற்றில் சிக்கி இடது சுண்டுவிரல் உள்ளே வளைந்துபோயிருந்தது.

அந்த வெயிலில் எனக்குக் குளிர் எடுத்தது. கூச்சமில்லாமல் சொல்கிறேன், எல்லைக்கல்லையும் செயினையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஊரைப் பார்த்து ஓடினேன்.

நங்கையா கட்டுத்தறியில் சாணி அள்ளிக்கொண்டிருந்தார். கத்தியை நீட்டினேன். அவர் கையைக் கழுவிவிட்டு வந்து அதை வாங்கினார். வாயிலிருந்து முதுகு வரை, நுனியிலிருந்து காம்பு வரை விரலால் தடவிப் பார்த்தார்.

"எங்கியுமே வெடிக்கலீங்களே தம்பி," என்றார்.

"நங்கையா, இது யாரு கை?"

அவர் கட்டுத்தறிச் சுவரைக் காட்டினார். பட்டிப் பொங்கலுக்குச் செம்மண்ணில் கை தோய்த்துச் சுவரில் பதிப்பது எங்கள் வழக்கம். மற்ற கைகளெல்லாம் வலது. ஒன்று மட்டும் இடது, சுண்டுவிரல் வளைந்தது. அதைச் சுற்றிக் கரிக்கோடு தெரிந்தது. மேலே மெல்லிய தாளை வைத்து அந்தக் கோட்டை வரைந்து எடுத்திருக்கிறார்.

"உங்க காயிதத்தோட அவரு கையையும் வெச்சு அனுப்புனனுங்க. நீங்கதான சொன்னீங்க, செத்தவங்க கைக்கு நிக்காதுன்னு. நின்னுருச்சு பாருங்க."

"என்னோடது எங்க?"

"அது பொறவு வருமுங்க," என்று சொல்லிவிட்டு, கத்தியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வீட்டுக்குள் போனார்.

பட்டறையில்

பெரியப்பா கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசியில், "ஆசாரி நம்ம ஊட்டுல வந்து, இரும்பைத் தொட்டுச் சொல்லோணும். சொன்னா நான் காரியத்தை நிறுத்தறேன்," என்றார். ஆசாரியைக் கூட்டிவர என்னை அனுப்பினார்.

நான் விஷயத்தைச் சொன்னதும் ஆசாரி துருத்தியை நிறுத்திவிட்டார். உலை மெல்ல கறுத்தது.

"ஆளு ரெண்டு, கத்தியும் ரெண்டுன்னு நெனச்சனுங்க," என்றார். "ரெண்டுக்கும் ஒரே பட்டைதான். பாதி பாதியா வெட்டுனேன். மொதல்ல வலங்கை."

எழுந்துபோய்ச் சாக்கில் சுற்றியிருந்த ஒன்றை எடுத்து வந்தார். நான் வரைந்த அதே அலகு. அதே வளைவு, அதே வயிறு. நடுவில் முதுகிலிருந்து வாய் வரை குறுக்கே ஒரு விரிசல். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் மறுபக்கம் தெரிந்தது.

"ரெண்டாவது, இடங்கை. ஒரு சத்தமில்லாம நின்னுருச்சு. உசுரோட இருக்கற ஆள்கிட்ட இதை எப்படிங்க சொல்லறது? அதனால நல்லதை மட்டும் அனுப்பிட்டேன்." சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தார். தரையில் படுகிறதா என்று பார்க்கிறார் என்பது எனக்குப் புரிந்தது.

அந்த இடத்தில் நின்றுகொண்டே நான் கணக்குப் போட்டேன். கணக்கு எளிது. அண்ணன் கத்தி முழுசாக வந்ததால் அவர் உயிரோடு இருக்கிறார் என்றால், என் கத்தி வெடித்ததால் நான் செத்தவன். நான் உயிரோடு நிற்பதால் அந்த நம்பிக்கையே பொய் என்றால், அண்ணன் கத்தியும் எதையும் சொல்லவில்லை. பெரியப்பா முட்டாள் இல்லை. வெடித்தது தெரிந்தால் அவரும் இதே கணக்கைத்தான் போடுவார். வைக்கோல் எரியும்.

"வெடிச்சதைச் சொல்ல வேண்டாங்க," என்றேன்.

"நான் பொய் சொல்ல மாட்டனுங்க. இரும்பைத் தொட்டுப் பொய் சொன்னா பொறவு உலை பத்தாது. கேட்டதுக்கு மட்டும் சொல்லறேன். அதையுமே நீங்க யோசிச்சுக்கங்க. மறைச்சு வெச்சீங்கன்னா, உங்கண்ணனுக்கு வந்த சாவை நீங்க எடுத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்."

வெடித்ததைப் பாழுங்கிணற்றில் போட்டுவிடச் சொன்னார். வரும் வழியில் போட்டேன். நாங்கள் இருவரும் காது கொடுத்து நின்றோம். விழுந்த சத்தம் கேட்கவில்லை. கிணற்றில் சேறாக இருந்திருக்கும்.

"உன் கத்தி எங்கடா?"

மறுநாள் வீட்டு முற்றத்தில் பங்காளிகள் கூடியிருந்தார்கள். நங்கையா கதவோரம் நின்றார். ஆசாரி கத்தியின் மேல் கையை வைத்தார்.

"இந்த இரும்பு துவைச்சல்ல நின்னுச்சா?" பெரியப்பா கேட்டார்.

"நின்னுச்சுங்க."

"இடங்கைக் காயிதத்தை வெச்சு அடிச்சதுதான?"

"ஆமாங்க."

பெரியப்பா தலையாட்டினார். முடிந்தது என்று நினைத்தேன். அவர் மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"கத்தி வேணும்னு போனவன் நீ. உன் கத்தி எங்கடா?"

கதவோரம் வளையல் சத்தம் நின்றது. ஆசாரி கத்தியின் மேல் வைத்த கையை எடுக்கவில்லை. பொய் சொல்ல நான் பயந்தவன் இல்லை, ஊரறிந்த புளுகன்தான். ஆனால் அந்த ஒரு பொய் மட்டும் கனமாக இருந்தது.

"எனக்கு அடிக்கறதுக்கு இரும்பு பத்தலீங்க. ஒண்ணுதான் வந்துச்சு," என்றேன்.

"அப்படியா ஆசாரி?"

ஆசாரி என்னை ஒரு தடவை பார்த்தார். "பொறவு இரும்பு இல்லீங்க," என்றார். அது உண்மைதான்.

பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "இருக்கறவனுக்கு நான் காரியம் பண்ண மாட்டேன்," என்றார்.

நிழல்

நங்கையா அந்தக் கத்தியைத் தன் அறை வாசல் நிலையில் மாட்டிக்கொண்டார். நான் மறுபடியும் நாலு சாமானைச் சுமந்துகொண்டு நடந்தேன். நான் யோசித்து வரைந்த கத்தி எனக்கு அரை நாள்தான் உழைத்தது.

வாசகர்கள் சிரிக்கலாம். சிரித்துக்கொள்ளுங்கள். முதல் துவைச்சலில் தண்ணீர் குளிர்ச்சியாக இருந்திருக்கும், வெடித்ததைப் பார்த்து ஆசாரி இரண்டாவது தடவை தண்ணீரை வெதுவெதுப்பாக்கியிருப்பார். இதை எனக்கு நானே நூறு தடவை சொல்லியிருக்கிறேன். அப்படியும் வேலைக்காட்டில் உச்சிப் பொழுது வந்தால் குனிந்து என் நிழலைத் தேடுவேன். உச்சி வெயிலில் யாருக்குத்தான் நிழல் தெரியும்? அது தெரிந்தும் தேடுவேன். சர்வேயர் கூப்பிட்டு ஒரு தடவையில் காதில் விழாவிட்டால், அவருக்கு நான் தெரியவில்லையோ என்று பயந்து ஓடிப்போய் முன்னால் நிற்பேன். "என்னய்யா பேயைப் பாத்த மாதிரி ஓடி வர்றே?" என்பார் அவர்.

காய்ச்சல் வந்த ஒவ்வொரு தடவையும் இதுதான் அது என்று படுத்தேன். கல்யாணம் ஆனது, பிள்ளைகள் பிறந்தன, பெரியப்பா போனார், இலாகாவில் பென்ஷனும் கொடுத்துவிட்டார்கள். அண்ணன் வரவில்லை.

நங்கையா போன வருஷம் படுக்கையில் விழுந்தார். ஒரு மத்தியானம் கஞ்சி கொடுக்கப் போனேன். இனி மறைத்து என்ன என்று தோன்றியது. "நங்கையா, அந்தக் கத்தி விஷயத்துல..." என்று ஆரம்பித்தேன்.

"உங்களுது வெடிச்சுருச்சு. அதுதானுங்க தம்பி?"

கிண்ணத்தைக் கீழே வைத்தேன்.

"ரெண்டு காயிதம் அனுப்புனேன். ஒண்ணுதான் வந்துச்சு. அன்னைக்கே தெரியுமுங்க. எம்பட தாலிக்காக வாயை மூடிக்கிட்டேன்." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "நீங்க வேலைக்குப் போன நாளெல்லாம் மத்தியானம் ஊட்டு வாசல்ல நிப்பேன். புருசன் வாரானான்னு பாக்கறான்னு ஊர்ல சொல்லுவாங்க. அவரைப் பாக்கலீங்க. நீங்க திரும்பி வாரீங்களான்னுதான் பாப்பேன்."

நான் அழுதேன். அந்த வயதில் அப்படி அழுவேன் என்று நினைக்கவில்லை.

நாலாம் நாள் அவர் போய்விட்டார். சடங்கு செய்ய வந்தவர் வெளியூர்க்காரர், எங்கள் வீட்டுக்குப் புதுசு. கழுத்தில் தாலியைப் பார்த்துவிட்டு அக்கம்பக்கம் தேடினார். புருஷன் இருந்தால் மஞ்சளும் பூவும், இல்லாவிட்டால் முறை வேறு. யாரிடம் கேட்பது என்று தெரியாமல் கடைசியில் என்னிடம் வந்தார்.

"ஏனுங்க, இவங்க ஊட்டுக்காரரு இருக்காருங்களா?"

"இருக்காருங்க," என்றேன்.

அவர் பெண்கள் பக்கம் திரும்பி, மஞ்சள் அரைத்துக் கொண்டுவரச் சொன்னார்.